செம்மறிக்குக் கரு மாற்றப் போகிறீர்களா? முதலில் சுமக்கும் ஆட்டைப் பாருங்கள்

போன மாதம் சிம்பாங் அம்பாட்டிலிருந்து ஒரு தம்பி கூப்பிட்டார். "அக்கா, டோர்பர் பெட்டை நாலு தயாரா இருக்கு. நல்ல வம்சம். நீங்களும் டாக்டரும் எப்ப வர்றீங்க?" என்றார். "சுமக்கிற ஆடு எத்தனை வச்சிருக்கீங்க?" என்று கேட்டேன். "அது கிடக்கட்டும்க்கா, அந்த வாரம் யார்கிட்டயாச்சும் வாங்கிக்கலாம்" என்றார். வருவதற்கில்லை என்று சொல்லிவிட்டேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அவருக்குப் போனில் சொல்ல முடியாததையெல்லாம் சேர்த்து எழுதுவதுதான் இது.

நான் இருப்பது பினாங்குப் பெருநிலத்தில், சுங்கை பாக்காப் பக்கம். 16 வருடமாக ஒரு கால்நடை மருத்துவரோடு சேர்ந்து செபராங் பிறை, கூலிம், பாரிட் புந்தார் பக்கத்துப் பண்ணைகளுக்குப் போய் வருகிறேன். அவர் வயிற்றைத் திறப்பார். கருப்பையைக் கழுவி வரும் நீரில் கருவைத் தேடி எடுத்து, தரம் பார்த்து, குழாயில் ஏற்றிக் கொடுப்பது என் வேலை. எங்கள் தாத்தா காலத்தில் தோட்டத்து லயத்துக்குப் பின்னால் மாடும் ஆடும் கட்டி வைத்திருந்தார்கள். பால்மரக் காட்டில் மேய்ந்து அதுவாகச் சினையாகி அதுவாகக் குட்டி போடும். இப்போது ஒரு குட்டிக்கு இத்தனை ஏற்பாடு என்று அம்மா இன்னும் சிரிக்கிறார்.

ஏற்பாடு இதுதான். உயர்ந்த இனப் பெட்டை ஒன்று சாதாரணமாக ஓர் ஈற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு குட்டி போடும். அதற்கு ஊசி போட்டு ஒரே பருவத்தில் நிறைய முட்டை வெடிக்க வைத்து, நல்ல கிடாவின் விந்தைச் சேர்த்து, ஆறாம் அல்லது ஏழாம் நாள் கருப்பையைக் கழுவிக் கருக்களை எடுக்கிறோம். அவற்றை மலின், கலப்பின ஆடு என்று கைவசம் இருக்கும் சாதாரணப் பெட்டைகளின் கருப்பையில் வைக்கிறோம். முதல் ஆடு கொடுக்கும் ஆடு, இரண்டாவது சுமக்கும் ஆடு. எல்லாம் சரியாக நடந்தால் ஒரே தடவையில் ஒரு தாய்க்கு ஐந்தாறு குட்டி கிடைக்கலாம். சில கொடுக்கும் ஆடுகள் ஊசிக்கு அசையவே அசையாது. அப்படி ஒன்று இரண்டு கட்டாயம் இருக்கும் என்று மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

கொடுக்கும் ஆட்டுக்கு ஃபேன் போட்டு, வைட்டமின் ஊசி போட்டு, பெயர் வைத்து வளர்க்கிறார்கள். சுமக்கும் ஆட்டை மட்டும் சந்தையில் கழித்துவிட்டதிலிருந்து வாங்கி வருகிறார்கள். விற்பவர் எதற்காக அதை விற்றார் என்று யோசித்துப் பாருங்கள். இரண்டு தடவை கிடா சேர்த்தும் சினை நிற்காத ஆட்டைத்தான் எவரும் முதலில் விற்பார். சினை நிற்காத வயிற்றில் எவ்வளவு அருமையான கருவை வைத்தாலும் அது நிற்காது.

சுமக்கும் ஆட்டை எப்படித் தேர்ந்தெடுப்பது

ஒரு முறையாவது குட்டி போட்டு, அதைத் தானே பால் கொடுத்து வளர்த்த ஆடாக இருக்க வேண்டும். கன்னி ஆடு வேண்டாம். வயது இரண்டிலிருந்து ஐந்துக்குள். கடைசிக் குட்டியைப் பிரித்து, மடி வற்றி, உடம்பு தேறியிருக்க வேண்டும். மடியைக் கையால் பிடித்துப் பாருங்கள். ஒரு பக்கம் கல் மாதிரி இருந்தால் விட்டுவிடுங்கள். பிறந்த குட்டி பட்டினி கிடக்கும்.

உடற்கட்டும் பார்க்க வேண்டும். நம்மூர் மலின் ஆடு தாங்கும் சக்தி உள்ளது, நம் வெயிலுக்கும் பூச்சிக்கும் பழகியது, ஆனால் ஆள் சிறிசு. அதன் வயிற்றில் டோர்பர் போன்ற பெரிய இனத்தின் கருவை வைத்தால் ஈனும்போது நீங்கள் கையை உள்ளே விட்டுக் குட்டியை இழுக்க வேண்டி வரலாம். மலினோடு பார்படாஸ் பிளாக்பெல்லி, சாந்தா இனெஸ் கலந்த பெட்டை இருந்தால் எனக்கு அதுதான் பிடிக்கும். இடுப்பு அகலம், பால் உண்டு, பிள்ளைப் பாசமும் உண்டு.

குறைந்தது இரண்டு மாதம் முன்னதாக உங்கள் கொட்டகைக்கு வந்துவிட வேண்டும். வந்ததும் தனியாக வைத்து, ரத்தம் எடுத்து, கருக்கலைய வைக்கும் புரூசெல்லா கிருமிக்குச் சோதனை செய்யுங்கள். கண் இமையைக் கீழே இழுத்து நிறம் பாருங்கள். வெளிறியிருந்தால் வயிற்றில் ரத்தம் குடிக்கும் புழு இருக்கிறது. பினாங்கில் செப்டம்பர், அக்டோபர் மழையில் புல் வெட்டிப் போடுகிறவர்களுக்கு இந்தப் புழுதான் முதல் எதிரி. எல்லா மருந்தையும் இந்த இரண்டு மாதத்துக்குள்ளேயே முடித்துவிடுங்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

கொடுக்கும் ஆடு ஒன்றுக்கு ஆறு முதல் எட்டு சுமக்கும் ஆடு வேண்டும். எல்லாமே சரியான நேரத்தில் பருவத்துக்கு வராது. வந்ததிலும் சிலவற்றின் சினைப்பையில், கரு வைக்கும் நாளன்று முட்டை வெடித்த அடையாளமே இருக்காது. ஒரு தடவை நுண்ணோக்கியின் கீழே 14 நல்ல கருவை வைத்துக்கொண்டு ஏழே ஆட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். ஒவ்வொன்றிலும் இரண்டாகத் திணித்தோம். வேறு வழியில்லை.

தீனி

முதுகெலும்பின் மேல் கையை வைத்து அழுத்திப் பார்த்து ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் போடும் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். இரண்டரையிலிருந்து மூன்றரைக்குள் இருக்கட்டும். மெலிந்த ஆடு பருவத்துக்கு வராது. கொழுத்த ஆட்டில் மருத்துவர் வயிற்றுக்குள் கொழுப்பை விலக்கியே களைத்துப் போவார்.

பலருக்கு ஆச்சரியமாக இருக்கும் விஷயம் ஒன்று உண்டு. கரு வைத்த பிறகு "பாவம், சினை ஆடு" என்று தீனியை அள்ளிப் போடக் கூடாது. தீனி கூடினால் ஈரலுக்கு ரத்த ஓட்டம் கூடும். சினையைத் தாங்கும் புரோஜெஸ்ட்ரோன் ஹார்மோனை அந்த ஈரல்தான் உடைத்து வெளியேற்றுகிறது. ரத்தத்தில் ஹார்மோன் குறைந்தால் கரு தங்காது. கரு வைப்பதற்கு மூன்று வாரம் முன்பு கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள், ஆடு மெல்ல ஏறுமுகமாக இருக்கட்டும். வைத்த பிறகு ஒரு மாதம் ஒரே அளவு. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

அடுத்தது பி.கே.சி. என்ற செம்பனைக் கொட்டைப் பிண்ணாக்கு. அது நமக்கு மலிவு, பக்கத்து மில்லிலேயே கிடைக்கும், அதனால் மாட்டுக்குப் போடுவது போலச் செம்மறிக்கும் போடுகிறோம். அதில் செம்புச் சத்து அதிகம். மாடு தாங்கும், செம்மறி தாங்காது. வெளியே ஒன்றும் தெரியாமல் மாதக்கணக்கில் ஈரலில் சேர்ந்துகொண்டே இருக்கும். லாரிப் பயணம், அறுவை, பட்டினி என்று ஏதாவது ஓர் அதிர்ச்சி வரும் நாளில் மொத்தமும் ரத்தத்தில் கொட்டும். கண் மஞ்சளாகி, மூத்திரம் பால் கலக்காத கோப்பி ஓ நிறத்தில் போகும். ஒன்றிரண்டு நாளில் ஆடு போய்விடும். கரு வைத்த நாலாம் நாள் இப்படி ஓர் ஆடு செத்ததைப் பார்த்து, "அறுவையில் ஏதோ தப்பு" என்று எங்கள் மீது பழி வந்ததுண்டு. ஈரலை அறுத்துப் பார்த்த பிறகுதான் அடங்கினார்கள். பி.கே.சி.யைக் குறைத்துப் பாக்சோங் புல்லை அதிகமாக்குங்கள். முழுதாக நிறுத்த முடியாதென்றால் துத்தநாகமும் மாலிப்டினமும் சேர்ப்பது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

இன்னொன்று, பி.கே.சி. சாக்கு மேல் பூனை தூங்க விடாதீர்கள். பூனைக் கழிவில் வரும் டாக்ஸோப்பிளாஸ்மா சினை ஆட்டைக் கருக்கலைய வைக்கும்.

தேதிகள்

இங்கேதான் பெரும்பாலும் சறுக்குகிறது.

எல்லா ஆடும் ஒன்றாகப் பருவத்துக்கு வர, ஒரே நாளில் எல்லாவற்றின் பிறப்புறுப்புக்குள்ளும் ஹார்மோன் ஊறிய ஸ்பாஞ்சு வைக்கிறோம். 12 முதல் 14 நாள் உள்ளே இருக்கும். நூல் வெளியே நீளமாகத் தொங்கினால் பக்கத்து ஆடு கடித்து இழுத்துவிடும். இரண்டு விரல் அளவு விட்டு வெட்டிவிடுங்கள். எடுக்கும்போது நாற்றமடிக்கும் நீர் வந்தால் பயப்பட வேண்டாம், அது சகஜம். எடுக்கும்போது ஸ்பாஞ்சே இல்லை என்றால் அந்த ஆட்டைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுங்கள். அது எப்போது விழுந்தது என்று உங்களுக்குத் தெரியாது.

கொடுக்கும் ஆட்டுக்கு, ஸ்பாஞ்சு எடுப்பதற்கு இரண்டு நாள் முன்பிருந்து, நிறைய முட்டை வளர வைக்கும் எஃப்.எஸ்.ஹெச். ஹார்மோன் ஊசி. காலை, மாலை என 12 மணி நேரத்துக்கு ஒன்றாக மூன்று நாலு நாள், அளவைக் குறைத்துக்கொண்டே போக வேண்டும். எத்தனை யூனிட் என்பது மருந்துக்கு மருந்து மாறும், அதை மருத்துவர் எழுதிக் கொடுப்பார். நீங்கள் பார்க்க வேண்டியது கடிகாரத்தை. காலை ஏழு என்றால் மாலையும் ஏழு. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு ஒன்பதுக்குப் போட்டேன் என்றால் அந்த ஊசியின் பயனில் பாதி போச்சு. இந்த மருந்து உடம்பில் சில மணி நேரமே நிற்கும், அதனால்தான் இத்தனை முறை குத்துகிறோம்.

"ஒரே ஊசியில் முடிக்க முடியாதா அக்கா?" என்று கேட்பார்கள். ஈ.சி.ஜி. என்ற மருந்தைப் பெரிய அளவில் ஒரே தடவை போடலாம், விலையும் குறைவு. ஆனால் அது உடம்பை விட்டு எளிதில் போகாது. முட்டை வெடித்த பிறகும் சினைப்பையைத் தூண்டிக்கொண்டே இருக்கும். வெடிக்காத பைகள் பெரிதாக நிற்கும். வெடித்த இடத்தில் உருவான மேடுகள் சீக்கிரமே வற்றும். ஆறாம் நாள் கழுவப் போனால் கருக்கள் ஏற்கெனவே வெளியேறியிருக்கும். சுமக்கும் ஆட்டுக்கு ஸ்பாஞ்சு எடுக்கும்போது 300 முதல் 400 யூனிட் போடுகிறோம், அங்கே அது சரி. கொடுக்கும் ஆட்டுக்கு வேண்டாம் என்பதே என் கருத்து.

அடுத்து, ஸ்பாஞ்சை எப்போது எடுப்பது என்ற கணக்கு. எஃப்.எஸ்.ஹெச். போட்ட ஆடு மற்றதைவிடச் சுமார் அரை நாள் முன்னதாகப் பருவத்துக்கு வந்துவிடும். அதனால் சுமக்கும் ஆட்டின் ஸ்பாஞ்சை அரை நாள் முன்பே எடுத்துவிடுகிறோம். முந்திய நாள் மாலை சுமக்கும் ஆட்டுக்கு, மறுநாள் காலை கொடுக்கும் ஆட்டுக்கு. அப்போதுதான் இரண்டும் ஒரே நேரத்தில் பருவத்தில் நிற்கும்.

ஏன் இவ்வளவு பிடிவாதம்? இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ரோசன், மூர் என்ற இருவர் 1966இல் இதைச் செம்மறியில் சோதித்து வெளியிட்டார்கள். இரண்டு ஆடுகளும் பருவத்துக்கு வந்த நேரத்தில் இரண்டு நாள் வரை வித்தியாசம் இருந்தால் கரு சமாளிக்கிறது. மூன்று நாள் ஆனால் வெகுவாகச் சரிகிறது. காரணம் பிறகு தெளிவானது. 12, 13ஆம் நாளளவில் கரு ஒரு புரதத்தைச் சுரந்து, நான் இங்கே இருக்கிறேன் என்று தாய்க்குச் சேதி சொல்கிறது. சேதி வந்தால் தாய் சினையைக் காக்கும். வராவிட்டால் கருப்பை அடுத்த பருவத்துக்கு ஏற்பாடு செய்யத் தொடங்கிவிடும். கருவுக்கு ஒன்பது நாள் வயது, வயிற்றுக்கு 13 நாள் வயது என்றால் அந்தச் சேதியைச் சொல்லும் முன்பே கதவு மூடிவிடும். நாங்கள் இரண்டு நாள் என்ற தாராளமெல்லாம் வைத்துக்கொள்வதில்லை. 12 மணி நேர வித்தியாசத்துக்குள் இருப்பதை முதலில் எடுக்கிறோம், 24 மணி வரை இருப்பதை இரண்டாவது வரிசையில் வைக்கிறோம். அதற்கு மேல் என்றால் அந்த ஆட்டுக்கு ஓய்வு.

ஆகவே எந்த ஆடு எப்போது பருவத்துக்கு வந்தது என்று எழுதி வைத்திருக்க வேண்டும். சினைப்படுத்த முடியாதபடி வயிற்றில் சாக்குக் கட்டிய கிடாவையோ விதைக்குழாய் வெட்டிய கிடாவையோ மார்பில் சாயம் பூசி விடுங்கள். அது ஏறிய ஆட்டின் மேல் சாயம் ஒட்டியிருக்கும். ஸ்பாஞ்சு எடுத்த மறுநாளிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை போய்ப் பாருங்கள், இரவிலும்தான். "எல்லாம் புதன்கிழமை வந்துச்சுக்கா" என்று சொல்பவரிடம் நான் மேற்கொண்டு எதுவும் கேட்பதில்லை. புதன்கிழமைக்கு 24 மணி நேரம் இருக்கிறது.

நாம் இருப்பது பூமத்திய ரேகைக்கு ஐந்து பாகை வடக்கே. பகல் நீளம் வருடம் முழுவதும் அநேகமாக ஒன்றுதான். குளிர்நாட்டுச் செம்மறி வருடத்தில் சில மாதமே பருவத்துக்கு வரும், அந்தத் தொல்லை நமக்கு இல்லை. எந்த மாதத்திலும் செய்யலாம். நம்முடைய தொல்லை வெயில்.

கிடாவும் வெயிலும்

கிடாவின் விந்து உருவாகி முதிர ஏழு வாரத்துக்கு மேல் ஆகும். இன்று கிடாவுக்குக் காய்ச்சல் அடித்தாலும், தகரக் கூரைக்குக் கீழே பிப்ரவரி வெயிலில் வெந்தாலும், அதன் விளைவை அடுத்த இரண்டு மாதம் பார்ப்பீர்கள். கழுவி வரும் நீரில் ஒரு செல் முட்டைகளாகவே கிடைத்தால் நான் முதலில் கேட்பது, "போன மாதம் கிடா எங்கே நின்றது?"

அதிக முட்டை வெடித்த ஆட்டின் கருப்பைக்குள் விந்து நீந்திப் போவது சிரமம். செம்மறியின் கருப்பை வாய் மடிப்பு மடிப்பாக, ஒன்றுக்கொன்று நேராக இல்லாத வளையங்களாக இருக்கும், மாட்டுக்குப் போல ஊசிக்குழலை நேரே விட முடியாது. அதனால் உறைவிந்து என்றால் லேப்ராஸ்கோப் (வயிற்றில் சிறு துளையிட்டு உள்ளே பார்க்கும் குழாய்) வழியாகக் கருப்பைக் கொம்பிலேயே நேராக விடுகிறோம், ஸ்பாஞ்சு எடுத்துச் சுமார் இரண்டு நாளில். இயற்கையாகச் சேர்ப்பதானால் ஒரு கிடாவுக்கு நாலு பெட்டை என்று விட்டுவிட்டு அது பார்த்துக்கொள்ளும் என்று இருக்காதீர்கள். கிடா தனக்குப் பிடித்த ஒன்றையே சுற்றிக்கொண்டிருக்கும். கையால் பிடித்து, ஒவ்வொன்றுக்கும் காலை மாலை சேர்த்துவிடுங்கள்.

சேர்ந்த பிறகு முதல் மூன்று நாலு நாள்தான் கரு சூட்டுக்கு மிகவும் பயப்படும் காலம். அப்போது கொடுக்கும் ஆடு நிழலில், காற்றோட்டமான பலகைத் தரையில், தண்ணீர்த் தொட்டி நிறைந்து நிற்க வேண்டும். மதியம் ஓட்டி விளையாடுவது, லாரியில் ஏற்றுவது எதுவும் வேண்டாம்.

கழுவும் நாள்

24 மணி நேரம் தீனி கிடையாது, முந்திய இரவிலிருந்து தண்ணீரும் கிடையாது. மல்லாத்திப் படுக்க வைத்துத் தலையைத் தாழ்த்தும்போது வயிறு நிறைந்திருந்தால் தீனி மேலேறி மூச்சுக்குழலில் போய்விடும். "பாவம் என்று கொஞ்சம் புல் போட்டேன்" என்று ஆடு மேசையில் ஏறிய பிறகு சொல்லாதீர்கள்.

மருத்துவர் முதலில் சினைப்பையைப் பார்ப்பார். முட்டை வெடித்த ஒவ்வொரு இடத்திலும் பட்டாணி அளவில் சிவந்த மேடு இருக்கும். நாங்கள் சி.எல். என்போம். அவர் உரக்க எண்ணுவார், நான் எழுதுவேன். 12 மேடு, கிடைத்தது மூன்று கரு என்றால் கழுவியதில் குறை. 12 மேடு, 12 முட்டை, ஒன்றும் கருத்தரிக்கவில்லை என்றால் கிடாவில் குறை. மேடு வெளிறி வற்றியிருந்தால் ஊசியில் குறை. இந்தக் கணக்கை எழுதாமல் விட்டால் அடுத்த முறை எதைத் திருத்துவது என்றே தெரியாது.

கையுறையில் இருக்கும் பவுடரைக் கழுவிவிட வேண்டும், காய்ந்த துணியால் கருப்பையைத் துடைக்கக் கூடாது, வெதுவெதுப்பான உப்புநீரால் நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இல்லையென்றால் உள்ளே ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய ஆட்டை அடுத்த தடவை கழுவினால் பாதி கருவும் வராது. ஒரு கொடுக்கும் ஆட்டை இரண்டு மூன்று தடவைக்கு மேல் நம்பாதீர்கள்.

என் மேசை

மேசை எங்கே போடுவது என்று பண்ணைக்காரர் காட்டும் இடத்தை நான் ஒப்புக்கொள்வதே இல்லை. வெயில் படாத, காற்று அடிக்காத, புகை வாசனை இல்லாத அறை வேண்டும். ஒரு தடவை நிபோங் திபாலில் ஒரு வீட்டுச் சமையலறைக்குப் பின்னால் இருந்த அறையில் உட்கார்ந்திருந்தேன். வெள்ளிக்கிழமை. அந்த வீட்டுப் பெரியம்மா வழக்கம்போல் சாம்பிராணித் தட்டோடு அறை அறையாக வந்து, என் நுண்ணோக்கிக்கும் ஒரு சுற்றுக் காட்டிவிட்டுப் போனார். தடுக்க எனக்கு வாய் வரவில்லை. அன்றைக்குச் சினை நின்றது மிகக் குறைவு. சாம்பிராணிதான் காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் கரு இருக்கும் திரவம் காற்றில் உள்ளதை இழுத்துக்கொள்ளும். கொசுவத்தி, ஸ்ப்ரே, கைக்குப் போடும் வாசனைக் கிரீம், புதிதாக அடித்த பெயின்ட் எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. இப்போதெல்லாம் வெள்ளிக்கிழமை தேதி கொடுப்பதில்லை.

செம்மறிக் கருவின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஏழில் ஒரு பங்கு அளவுதான். அடியில் கோடு போட்ட தட்டில் நீரை ஊற்றி, வயல் உழுவது போல மேலும் கீழுமாகக் கோடு கோடாகத் தேட வேண்டும். சளி, ரத்தம், செல் துணுக்கு எல்லாம் மிதக்கும். அவற்றுக்கு நடுவே கண்ணாடி வளையல் மாதிரி ஒரு பளபளப்பான வட்டம் தெரியும். அதற்குள் இருப்பது ஆறாம் நாள் என்றால் சீத்தாப்பழம் மாதிரி மொத்து மொத்தாக இறுகியிருக்கும். ஏழாம் நாள் என்றால் ஒரு பக்கம் செல்கள் கொத்தாகச் சேர்ந்து, நடுவில் நீர் கோத்திருக்கும். ஓரம் ஒழுங்காக, நிறம் ஒரே சீராக, துணுக்கு எதுவும் வெளியே தள்ளாமல் இருந்தால் முதல் தரம். பாதி கறுத்து, செல்கள் உதிர்ந்திருந்தால் மூன்று. செத்தது நாலு.

புதிதாகப் பழகுகிறவர்கள் ஏமாறுவது கருத்தரிக்காத பழைய முட்டையில். அது சிதைந்து துண்டு துண்டாகும்போது செல் பிரிந்தது போலவே தெரியும். வித்தியாசம் என்னவென்றால், துண்டுகள் சின்னதும் பெரிசுமாக இருக்கும், இறுகி நிற்காது. கண்ணாடி ஊசியின் முனையால் மெல்லப் புரட்டி எல்லாப் பக்கமும் பாருங்கள். ஒரு பக்கம் அழகாகவும் மறு பக்கம் பொத்தலாகவும் இருக்கும் கருவை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

சூடு விஷயத்தில் ஒன்று நினைவில் வையுங்கள். கரு குளிர்ச்சியை ஓரளவு மன்னிக்கும், அதிகச் சூட்டை மன்னிக்கவே மன்னிக்காது. கழுவும் நீரை 37 பாகையில் தெர்மஸில் வைத்துக்கொள்கிறோம். அதை யாரோ நகர்த்தி ஜன்னல் வெயிலில் வைத்துவிட்டால் 20 நிமிடத்தில் கதை முடிந்தது. சூட்டுத் தட்டின் முகப்பில் காட்டும் எண்ணை நம்பாமல், தட்டின் மேலேயே தனி வெப்பமானி ஒன்றை ஒட்டி வையுங்கள். என் தட்டு ஒரு காலம் 37 என்று காட்டிக்கொண்டே 41இல் இருந்தது. கண்டுபிடிக்க இரண்டு பண்ணைகளின் நஷ்டம் ஆனது.

ஒவ்வொரு கருவையும் புதுப் புது சொட்டுத் திரவத்தில் பத்து முறை கழுவி நகர்த்துகிறோம். மேலுறை கிழியாத கரு என்றால் நோய்க்கிருமி வெளியில்தான் ஒட்டியிருக்கும், கழுவினால் பெரும்பாலும் போய்விடும். எல்லாம் முடித்து இரண்டு மணி நேரத்துக்குள் வைத்துவிடப் பார்க்கிறோம். உறைய வைப்பதென்றால் முதல் தரம் மட்டுமே. இரண்டாம் தரக் கருவை உறைய வைத்தால் உருக்கும்போது குப்பைதான் கிடைக்கும்.

வைப்பது

சுமக்கும் ஆட்டில் லேப்ராஸ்கோப் விட்டு முதலில் சி.எல். இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் அந்த ஆட்டை இறக்கிவிட வேண்டும், கெஞ்சினாலும் வைக்கக் கூடாது. இருந்தால் எந்தப் பக்கம் என்று பார்த்து அதே பக்கத்துக் கொம்பில், நுனிக்குக் கிட்டே வைக்க வேண்டும். எதிர்ப்பக்கம் வைத்தால் கரு இடம் மாறிப் போக வேண்டிவரும், வீண் ஆபத்து.

குழாயில் ஏற்றும் வரிசை: திரவம், காற்றுக் குமிழ், கரு இருக்கும் திரவம், காற்றுக் குமிழ், மறுபடி திரவம். மருத்துவர் தள்ளி முடித்ததும் அந்தக் குழாய் என்னிடம் திரும்பி வர வேண்டும். அதைத் தட்டில் கழுவிப் பார்ப்பேன். கரு சுவரில் ஒட்டிக்கொண்டு திரும்பி வந்த தடவைகள் உண்டு. பார்க்காமல் எறிந்திருந்தால், வைக்கவே இல்லாத கருவுக்காக ஒரு மாதம் காத்திருப்போம்.

ஒன்றா, இரண்டா? இரண்டு வைத்தால் ஒன்றாவது நிற்கும் வாய்ப்பு அதிகம். ஆனால் இரண்டும் நின்றால் குட்டிகள் சின்னதாக, பால் பங்கு போட்டு வளரும். கரு குறைவு, ஆடு அதிகம் என்றால் ஒவ்வொன்று வையுங்கள். முதல் தரக் கருவை ஒன்றாகவும், இரண்டாம் தரத்தை இரண்டிரண்டாகவும் வைப்பது எங்கள் வழக்கம்.

அப்புறம் ஒரு மாதம்

ஒன்றும் செய்யாதீர்கள். குளம்பு வெட்டுவது, மயிர் கத்தரிப்பது, தடுப்பூசி, இடம் மாற்றுவது, புதுக் கிடாவைக் கொண்டுவந்து கலகம் உண்டாக்குவது, எல்லாம் தள்ளிப்போகட்டும். முக்கியமாகப் பூச்சி மருந்து. அல்பெண்டசோல் என்ற பழகிய மருந்து சினையின் முதல் மாதத்தில் குட்டியை ஊனமாக்கும். முன்னாடியே முடித்துவிடுங்கள் என்று சொன்னது இதற்குத்தான்.

நான் பார்த்ததிலேயே மோசமானது ஒரு பண்ணையில். 22 ஆட்டில் வைத்தோம், நல்ல கருக்கள். பத்தாம் நாள் அவர் இடம் போதவில்லை என்று பாதி ஆடுகளை மதிய வெயிலில் லாரியில் ஏற்றித் தெற்கே அண்ணன் பண்ணைக்கு அனுப்பிவிட்டார். கரு அப்போதுதான் கருப்பையில் ஒட்டத் தொடங்குகிற, இன்னும் உறுதியாக ஒட்டாத நேரம். இங்கே நின்ற 11இல் ஏழு சினை. லாரியில் போன 11இல் ஒன்று.

செம்மறிக்கு 17 நாள் சுற்று. ஆறாம் நாள் கருவை வைத்திருந்தால், நிற்காத ஆடு 10, 11 நாளில் மறுபடி பருவத்துக்கு வரும். சாக்குக் கட்டிய கிடாவை அப்போது விட்டுப் பார்த்தால் முதல் சேதி தெரியும். உறுதியாகத் தெரிய, வைத்து நாலு வாரம் கழித்து ஸ்கேன். குட்டியின் இதயம் துடிப்பதைத் திரையில் பார்க்கலாம்.

ஈனும் நாளைக் கணக்கிடும்போது கரு வைத்த நாளிலிருந்து 150 எண்ணாதீர்கள், பருவத்துக்கு வந்த நாளிலிருந்து எண்ணுங்கள். இல்லையென்றால் ஒரு வாரம் தள்ளிப் போட்டுவிட்டு, "ஆடு முன்னாடியே ஈன்றுவிட்டது, குறைமாசம்" என்று அலறி எனக்குப் போன் செய்வீர்கள்.

குட்டி விழுந்ததும் தொப்புளுக்கு அயோடின், சீம்பால், உடனே காதில் எண். பழுப்பு மலின் ஆட்டின் பின்னால் கறுப்புத் தலையும் வெள்ளை உடம்புமாக டோர்பர் குட்டி எழுந்து நிற்கும். தாய்க்கு அதில் எந்தக் குழப்பமும் இல்லை, மோந்து பார்த்து நக்கத் தொடங்கிவிடும். குழப்பம் நமக்குத்தான். ஒரே வாரத்தில் எட்டுக் குட்டி விழும், எட்டும் ஒரே மாதிரி இருக்கும், மூன்றாம் நாள் பக்கத்து ஆட்டின் மடியில் திருடிக் குடித்துக்கொண்டிருக்கும். எந்தக் குட்டி எந்தக் கொடுக்கும் ஆட்டுடையது என்று அதற்கு முன்பே எழுதி வைத்துவிடுங்கள்.